பிள்ளைக் கணக்கு: பூரணாங்குப்பம் அன்றும் இன்றும்

புதுச்சேரியை அடுத்த பூரணாங்குப்பத்தில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஆயாக்களிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் இரண்டு எண் சொல்வார்கள். பெற்றது ஒன்று, தங்கியது ஒன்று. எட்டு பெற்று ஐந்து தங்கியது, ஏழு பெற்று நான்கு தங்கியது. மகள்கள் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டவர்கள். அவர்களிடம் ஒரே எண்தான் உண்டு. பேத்திகளின் வீட்டில் ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. அறுபது ஆண்டுகளுக்குள், பல வீடுகளில் ஒரே கூரையின் கீழேயே, நடந்து முடிந்துவிட்ட மாற்றம் இது.

அரசாங்கக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 1971-ல் இந்தியப் பெண் ஒருவர் தன் வாழ்நாளில் பெற்ற குழந்தைகள் சராசரியாக 5.2. தமிழ்நாட்டில் அப்போதே 3.9. 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியா 2.0, தமிழ்நாடு 1.8, புதுச்சேரி 1.5. மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிலைக்க வேண்டுமானால் 2.1 வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே புதுச்சேரி இறங்கிப் பல காலம் ஆகிறது.

இந்த மாற்றத்துக்கு ஊரில் இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. அந்தக் காலத்து ஜனம் விவரம் தெரியாமல் பெற்றுத் தள்ளியது என்பது ஒன்று. இந்தக் காலத்துப் பெண்கள் சொகுசுக்கு ஆசைப்பட்டு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆயாவுக்கும் கணக்குத் தெரிந்திருந்தது, பேத்திக்கும் தெரிந்திருக்கிறது. இருவரும் போட்ட கணக்கை அருகில் போய்ப் பார்த்தால், அதில் எழுதாமல் விடப்பட்ட செலவு எது என்பதும் தெரியும்.

ஊர் இருக்கும் இடத்தைச் சொன்னால்தான் பழைய கணக்கு புரியும். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் போனால் அரியாங்குப்பம் தாண்டி, நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு குறுக்கிடும். ஆற்றுக்குத் தெற்கே, சாலைக்கும் கடலுக்கும் நடுவில் பூரணாங்குப்பம். மேற்குப் பக்கம் நஞ்சையும் மல்லாட்டை (நிலக்கடலை) போடும் கொல்லையும், கிழக்கே போகப் போக மணலும் தென்னையும் சவுக்கும், கடலோரத்தில் புதுக்குப்பம் என்கிற மீனவர் பகுதி. பயிரும் மீனும் சேர்ந்த பிழைப்பு.

அந்தப் பிழைப்பில் கை எண்ணிக்கைதான் வருமானம். ஆறு வயதுப் பிள்ளை ஆடு மாடு மேய்க்கும், எரு பொறுக்கும். எட்டு வயதுப் பெண் இடுப்பில் தம்பியைச் சுமந்தபடியே சவுக்குத் தோப்பில் சருகு வாரிக்கொண்டு வரும். மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் ஆய்ந்து போட்ட படிக்குத்தான் கூலி. ஆய்வதற்கு வயது தேவையில்லை, விரல் போதும். ஒரு குடும்பம் அஞ்சு பிள்ளையோடு கொல்லையில் உட்கார்ந்தால் அத்தனை பேர் ஆய்ந்ததும் அந்தக் குடும்பத்துக்குத்தான். தண்ணீர் கிணற்றில், விறகு தோப்பில், மாவு உரலில். வீட்டு வேலை என்று நாம் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவது நாள் முழுக்க நாலு ஆள் செய்ய வேண்டிய வேலையாக இருந்தது.

கடலில் இது இன்னும் வெளிப்படை. கட்டுமரத்தில் போனால் பிடிபாட்டைப் பங்கு பிரிப்பார்கள், ஆளுக்குப் பங்கு உண்டு. நாலு மகன் உள்ள வீட்டுக்கு நாலு பங்கு வந்து சேரும். மரத்தை இழுத்துக் கரையேற்றவும், வலையைத் தூக்கவும் வெளி ஆளைக் கெஞ்ச வேண்டியதில்லை. சண்டை வந்தாலும் கேட்க ஆள் இருக்கும். ஆண்பிள்ளை வேண்டும் என்று அந்த வீட்டுத் தாய் நேர்ந்துகொண்டதில் பக்தியோடு இந்தக் கணக்கும் கலந்திருந்தது.

முதுமைக்கு வேறு என்ன வழி இருந்தது? ஓய்வூதியம் கிடையாது, வங்கி கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு கிடையாது. மகன்தான் எல்லாம். அந்த மகன் தங்குவானா என்பதும் உறுதியில்லை. 1971-ல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய தலைமுறையில் இன்னும் மோசம். அம்மை, வாந்திபேதி, வலிப்பு. கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்ற ஒருவனாவது வேண்டும் என்றால் மூன்று நான்கு ஆண்பிள்ளையாவது பெற வேண்டும். அதற்கு ஏழெட்டு பிரசவம் ஆகும். இதை மூடத்தனம் என்று சொல்கிறவர் அந்தக் கொல்லையில் ஒருநாள் நின்று பார்க்கவில்லை.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் கால்டுவெல் 1976-ல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் கோட்பாடாக்கியது. பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குச் செல்வம் போகும் சமூகத்தில் நிறையப் பெறுவது அறிவார்ந்த முடிவு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகத் தொடங்கிவிட்டால் குறைத்துக்கொள்வதுதான் அறிவார்ந்த முடிவு. நைஜீரியாவில் தொடங்கிய இந்தச் சிந்தனையைப் பிறகு அவர் கர்நாடகத்துக் கிராமங்களிலும் வந்து சோதித்துப் பார்த்தார். பூரணாங்குப்பத்துக்கு வந்திருந்தாலும் இதே விடைதான் கிடைத்திருக்கும்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. ஏழெட்டு பிரசவத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? பதினாறு பதினேழு வயதில் தொடங்கி நாற்பது வரை, சூலோ பாலோ இல்லாத வருஷம் அந்தப் பெண்ணுக்கு இருந்ததில்லை. ஒன்பதாம் மாதத்திலும் நடவு. பிள்ளை பெற்ற சில நாளில் மறுபடி கிணற்றடி. ரத்தசோகை என்று பெயர் தெரியாமலே அதோடு வாழ்ந்து முடித்தவர்கள். பிரசவத்தில் போனவர்களுக்குப் பதிலாகத் தங்கையைக் கட்டிவைத்த வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. வரவு வீட்டுக்கு வந்தது, செலவு அவள் உடம்பில் எழுதப்பட்டது. குடும்பக் கணக்கில் அந்தச் செலவுக்கு ஒரு வரிகூட இல்லை.

தமிழ் மண்ணில் இதை உரக்கச் சொன்னவர் பெரியார். மக்கள்தொகை, வறுமை என்ற காரணங்களுக்கெல்லாம் முன்னால், பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்பது அவருடைய வாதம். சென்னையில் 1928-லேயே நவ மால்தூசியச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய கவலை எண்ணிக்கை, பெரியாருடைய கவலை பெண். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில். பிரான்சிலோ, முதல் உலகப் போரில் இளைஞர்களை இழந்த அதிர்ச்சியில், கருத்தடையைப் பிரச்சாரம் செய்வதையே 1920-ல் சட்டம் போட்டுக் குற்றமாக்கி வைத்திருந்தார்கள். 1967 வரை அந்தச் சட்டம் தளரவில்லை. அப்படிப்பட்ட ஆட்சியின் கீழே பள்ளி ஆசிரியராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பாரதிதாசன் 1930களிலேயே கருத்தடையை ஆதரித்துக் கவிதை எழுதினார். அந்தத் துணிச்சலை இன்று நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது.

கவிதையால் மட்டும் பிள்ளைப்பேறு குறைந்துவிடவில்லை. சுவரில் வரைந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தாலும், ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ பலகையாலும் மட்டுமே குறைந்தது என்றும் நான் நம்பவில்லை. கொல்லையிலும் கடலிலும் கணக்கு மாறியது. அதுதான் பெரிய காரணம்.

முதலில் பள்ளிக்கூடம். பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே புதுச்சேரிப் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியிருந்தது; தமிழ்நாட்டில் காமராசர் திட்டம் வருவதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக. விடுதலைக்குப் பிறகு கிராமம்தோறும் பள்ளிகள் பெருகின. பள்ளிக்குப் போகிற பிள்ளை மாடு மேய்க்காது. சீருடை, நோட்டு, பேனா என்று கேட்கும். வரவாக இருந்த பிள்ளை செலவாகத் தொடங்கியது அங்கேதான். பிறகு ஆஸ்பத்திரி. 1964-ல் ஜிப்மர் அந்தப் பெயரோடு வந்தது. தடுப்பூசி போட நர்சம்மா ஊருக்குள்ளேயே வந்தார். பிறந்தது தங்கும் என்ற நம்பிக்கை வந்ததும் உபரியாக மூன்று பெற வேண்டிய அவசியம் போய்விட்டது. ஐந்தாவது கணக்கெடுப்பில் புதுச்சேரியின் சிசு மரணம் ஆயிரத்துக்கு மூன்றுக்கும் கீழே. ஆயாக்களின் அந்த இரண்டாவது எண் பேத்திகளுக்குத் தேவைப்படாததன் காரணம் இதுதான்.

மற்றவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: தெருக்குழாய், மாவு மில், கேஸ் அடுப்பு, அறுவடை மெஷின். ஃபைபர் போட்டும் இன்ஜினும் வந்தபோது கடல் கணக்கே புரண்டது. போட்டுக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு, வலைக்கு என்று முதல் போட்டவனுக்குப் பங்கு பெருகியது. நாலு மகனைவிட ஒரு நல்ல இன்ஜின் அதிகம் சம்பாதித்தது. மீன்பிடித் தடைக்கால உதவித்தொகையும் குடும்பத்துக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது, தலைக்கு இவ்வளவு என்று இல்லை. கொல்லைகளில் பாதி மனைகளாகக் கல் நட்டு விற்றாகிவிட்டது. மனையைப் பங்கு போடும்போது பிள்ளைகள் குறைவாக இருந்தால்தான் ஆளுக்கு வீடு கட்டும் அளவுக்காவது மிஞ்சும்.

முதுமைக்கும் வேறு வழிகள் தோன்றின. புதுச்சேரியில் முதியோர் உதவித்தொகை 55 வயதிலேயே தொடங்குகிறது, இந்தியாவில் அபூர்வமான ஏற்பாடு இது. அதோடு இந்த மண்ணுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. 1962-ல் இந்தியாவோடு சட்டப்படி இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்களும் ‘சொல்தா’ (சிப்பாய்) குடும்பங்களாக இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். மாதம் பிறந்தால் பிராங்காகவும் பின்னர் யூரோவாகவும் வந்த ஓய்வூதியம், ஏழு மகன் இல்லாமலும் மரியாதையாகக் கிழவனாக முடியும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காட்டியது. இதில் ஒரு வேடிக்கையான முரண் உண்டு. அந்தக் குடும்பங்களிலிருந்து பிரான்சுக்குப் போய்க் குடியேறியவர்களுக்கு அங்கே இரண்டாவது குழந்தை பிறந்தால் அரசு மாதாமாதம் படி கொடுக்கிறது. இங்கே இரண்டாவதோடு நிறுத்திக்கொள் என்று ஊக்கத்தொகை கொடுத்தார்கள். ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு அரசுகள் எதிரெதிர்த் திசையில் பணம் கொடுத்தன.

அந்த ஊக்கத்தொகைக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1952-ல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய முதல் நாடு இந்தியா. ஆரம்பத்தில் ஆண்களுக்கான அறுவைதான் முன்னால் நின்றது. சென்னை மாநிலத்தில் தலைமைச் செயலாளராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி 1950களிலேயே பணம் கொடுத்து அதைப் பரப்பினார். நெருக்கடி நிலையின்போது, 1976-77ல் மட்டும், நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல் அறுவை. அதில் பெரும்பகுதி ஆண்கள், பலர் கட்டாயத்தில். அந்தக் கொடுமை ஆட்சியைக் கவிழ்த்தது. பிறகு எந்த அரசும் ஆண்கள் பக்கம் திரும்பத் துணியவில்லை. சுமை முழுக்கப் பெண்ணிடம் இறக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆண் செய்துகொண்ட குடும்பம் ஆயிரத்துக்கு ஒன்று தேறினால் அதிகம். ஆணுக்குத் தையல்கூடத் தேவைப்படாத சிறு சிகிச்சை, பெண்ணுக்கு வயிற்றைத் திறக்கும் அறுவை. அப்படியிருந்தும் இதுதான் நிலை.

நம் பக்கத்து ஊர்களில் அது ஒரு சடங்கைப் போல நடந்தது. இரண்டாவது பிரசவம் ஆனதும் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே கேட்பார்கள். மாமியார் தலையாட்டுவார், கணவன் கையெழுத்துப் போடுவான். இருபத்திமூன்று, இருபத்திநாலு வயதில் பிள்ளை பெறும் பருவமே முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி விட வேறு முறைகள் இருப்பதை அந்தப் பெண்களிடம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. மறுபடி சூலாக வேண்டாம் என்ற நிம்மதி அவர்களுக்கு உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த நிம்மதிக்கு அவர்கள் முன் வைக்கப்பட்ட கதவு ஒன்றே ஒன்றுதான் என்பதைத்தான் சொல்கிறேன். ஊர் ஊராக இலக்கு வைத்து ஆள் பிடிக்கும் வழக்கத்தை மத்திய அரசு 1996-ல்தான் கைவிட்டது.

அந்தக் கதவு எவ்வளவு இறுக்கமாக மூடியது என்பதைக் கடற்கரை 2004 டிசம்பர் 26-ல் தெரிந்துகொண்டது. ஆழிப்பேரலையில் இரண்டு பிள்ளைகளையும் ஒரே காலையில் பறிகொடுத்த தாய்மார் நாகப்பட்டினம் முதல் வடக்கே வரை பலர். பெரும்பாலானோர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். குழாயை மீண்டும் இணைக்கும் சிகிச்சையை இலவசமாகச் செய்து தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சிலருக்கு மீண்டும் குழந்தை பிறந்தது, எல்லாருக்கும் அது கைகூடவில்லை. இரண்டு போதும் என்ற கணக்கு இரண்டும் தங்கும் என்ற உறுதியின் மேல் நிற்கிறது. அந்த உறுதியைக் கடலோரத்துக்குக் கொடுக்க வேண்டியது யார் பொறுப்பு என்று அப்போது கேட்டவர்கள் குறைவு.

இன்றைய கணக்குக்கு வருவோம். புதுச்சேரியில் ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் அட்டை வைத்திருக்கும் ஒரு சாதாரணக் குடும்பம். கணவன் தனியார் கம்பெனியில், மனைவி மருந்துக்கடையிலோ கடலூர் சாலையில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒப்பந்த வேலையிலோ. பிள்ளையை எல்.கே.ஜி. சேர்ப்பதிலேயே செலவு தொடங்கிவிடுகிறது: கட்டணம், வேன், புத்தகம், ஷூ. அரசுப் பள்ளிகளிலும் 2023 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் வந்துவிட்டது. ஆனாலும் தனியார் பள்ளி வேன்கள் காலை ஏழரை மணிக்கே தெருவில் நிற்கின்றன. பிறகு டியூஷன், நீட் கோச்சிங், சென்டாக் என்கிற கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு. அதில் அரசு இடம் தவறினால் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் கல்லூரி. கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1960-ல் எழுதத் தொடங்கிய வாதம், எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதலாகச் செலவிடுவதைக் குடும்பங்கள் தேர்ந்துகொள்கின்றன என்பது. பக்கத்திலுள்ள தவளக்குப்பம் கடைத்தெருவில் நிற்கும் எந்த அம்மாவும் அதை அவரைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்: ஒண்ணைப் படிக்கவைக்கறதே தலைக்கு மேல போவுது.

இதைச் சொகுசு என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆயா பிள்ளைகளைப் பெற்று வீட்டைக் காப்பாற்றினாள். பேத்தி பெறாமல் காப்பாற்றுகிறாள். இரண்டிலும் எழுதப்படாத செலவு அவளுடையதே. அன்று உடம்பு, இன்று வேலை. முதல் பிள்ளை பிறந்ததும் வேலையை விட்ட பெண்கள் இந்தத் தெருக்களில் எத்தனையோ பேர். பேறுகால விடுப்பு 26 வாரம் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது; ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவளுக்கும், கடையில் நிற்கிறவளுக்கும், நூறுநாள் வேலைக்குப் போகிறவளுக்கும் அது எங்கே வந்து சேர்ந்தது? இரண்டாவது பிள்ளை என்றால் மறுபடி மூன்று வருஷச் சம்பளம் போகும். அந்த மூன்று வருஷச் சம்பளத்தை நம்பித்தான் முதல் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த சாலையோரங்களில் இப்போது கருத்தரிப்பு மையங்களின் பலகைகள். ஒரு முறை முயன்றாலே லட்சத்தைத் தாண்டும் சிகிச்சைக்கு நகையை அடகு வைக்கும் தம்பதிகள். படிப்பு, வேலை, கடன் அடைத்தல் என்று கல்யாணம் தள்ளிப்போய், பிறகு அவசரப்பட வேண்டியிருக்கிறது. விரும்பாத பிள்ளையைப் பெற வேண்டியிருந்த காலம் போய், விரும்பியதைப் பெற முடியாத காலம் சில வீடுகளில் வந்துவிட்டது.

முதியவர்களின் நிலையும் அப்படித்தான். 2021-ல் தமிழ்நாட்டில் நூறு பேரில் பதினாலு பேர் அறுபதைத் தாண்டியவர்கள், 2031-ல் அது பதினெட்டாகும் என்று மத்திய அரசின் கணிப்பு. உதவித்தொகை அரிசிக்கும் மாத்திரைக்கும் ஆகும். படுத்துவிட்டால் புரட்டிப்போட ஆள் வேண்டும், அந்த ஆள் மகளாகவோ மருமகளாகவோதான் இருக்கிறாள். ஒரே பிள்ளையாகப் பிறந்த இருவர் மணந்துகொண்டால் நான்கு முதியவர்கள், ஒரு குழந்தை, பார்த்துக்கொள்ள ஒரே பெண்.

இந்தச் சூழலில்தான் மேடைகளிலிருந்து குரல் வருகிறது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கூடுதலாகப் பிள்ளை பெறச் சொன்னார். இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற பழைய தடையையும் ஆந்திரம் நீக்கிவிட்டது. அடுத்த சில மாதங்களில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலினும், தொகுதி மறுவரையறையைக் காரணம் காட்டி, புதுமணத் தம்பதிகளிடம் தள்ளிப்போடாமல் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அவர்களுடைய அரசியல் கவலை நியாயமானது. 1976 முதல் உறைந்து நிற்கும் மக்களவை இடங்களைத் தலைக்கணக்கில் பிரித்தால், சொன்னபடி கேட்டுக் குடும்பத்தைச் சுருக்கிய மாநிலங்கள் தண்டனை அனுபவிக்கும். புதுச்சேரிக்கு ஒரே ஒரு மக்களவை இடம்தான் என்பதால் இங்கே அந்தப் பேச்சுக்கு அவ்வளவு சூடு இல்லை. ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான இந்த வழக்கைப் பெண்ணின் கருப்பையில் வைத்துத் தீர்க்க நினைப்பது, இலக்கு வைத்து ஆள் பிடித்த அதே பழைய புத்தி. அன்று போதும் என்றார்கள், இன்று போதாது என்கிறார்கள். இரண்டு தடவையும் அவளை யாரும் கேட்கவில்லை.

கேட்டுப் பெற்றுவிடக்கூடியதும் இல்லை பிள்ளைப்பேறு. தென் கொரியா இருபது ஆண்டுகளாகக் கோடிகோடியாகக் கொட்டியும் 2023-ல் பெண்ணுக்கு 0.72 பிள்ளை வரை இறங்கியது. இரண்டாவது பிள்ளைக்குப் படி கொடுக்கும் பிரான்சுகூட 2010-ல் இருந்த இரண்டிலிருந்து 2024-ல் 1.62க்கு வந்துவிட்டது. பணம் கொஞ்சம் உதவும். ஆனால் வீட்டிலும் வேலையிலும் பெண்ணின் நேரம் யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கும்வரை பணம் மட்டும் போதாது.

எனக்கு எண்ணிக்கையில் அக்கறை இல்லை. ஒன்று போதும் என்கிறவளுக்கு ஒன்று, வேண்டாம் என்கிறவளுக்கு ஒன்றும் வேண்டாம். இன்னொன்று வேண்டும் என்று ஆசைப்பட்டும் கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிடுகிறாளே, அவளைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அவளுடைய தேவை பெரிதாக ஒன்றுமில்லை. பால்வாடி மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரத்தில் மூடிவிடுகிறது, அவள் வேலை முடிந்து பஸ் பிடித்து வீடு சேர ஆறரை ஆகிறது. நடுவில் உள்ள அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முழங்கால் வலியோடு அவள் அம்மா இருக்கிறார், அம்மா இல்லாத வீட்டில் வேலையே இல்லை. ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்திலும் இருக்கிற பால்வாடிக் கட்டடங்களை மாலை வரை திறந்து வைத்து, அங்கே வேலை செய்யும் டீச்சருக்கும் உதவியாளருக்கும் முறையான சம்பளம் கொடுப்பதற்கு ஒரு பட்ஜெட் அறிவிப்பு போதும்.

அதைச் செய்யாத அரசுக்கு, எத்தனை பெற வேண்டும் என்று பூரணாங்குப்பத்துப் பெண்ணிடம் பேச என்ன தகுதி இருக்கிறது?